மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு எந்த பென்ஷன் ஒத்துவரும்?

6 ஏப்ரல் 2025

மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது:

"வயது 34. வீட்டில் உட்கார்ந்து விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். ஒரு மாதம் ஒன்றரை லட்சம் வரும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் வராது. வங்கிக்குப் போனால் மாதம் பத்தாயிரம் வீதம் பதினைந்து வருஷம் கட்டும் பென்ஷன் பாலிசியை நீட்டுகிறார்கள். என்பிஎஸ்ஸில் (அரசின் தேசிய பென்ஷன் திட்டம்) போட்டால் பணம் மாட்டிக்கொள்ளும் என்கிறான் நண்பன். அம்மா தங்கச் சீட்டு போடச் சொல்கிறார். எனக்கு எது சரிவரும்?"

தம்பி, முதலில் அந்த பாலிசியில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் செம்பூரில் இன்டீரியர் வேலை செய்கிறவள். 2011-இல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தேன். அன்றிலிருந்து யார் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஒரு வருஷம் முழுக்க என்னால் ஒன்றும் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும்? வட்டி, போனஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

என்பிஎஸ் சொல்லும் பதில்: வருஷத்துக்கு 1,000 ரூபாய் போட்டால் போதும். அதுவும் போடாவிட்டால் கணக்கு முடங்கும், ஆனால் உள்ளே இருக்கும் பணம் முதலீட்டிலேயே இருக்கும். விட்ட தொகையோடு வருஷத்துக்கு 100 ரூபாய் அபராதம் கட்டினால் மறுபடி ஓடும். பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதியில் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 500. தவறினால் 50 ரூபாய் அபராதம். பாலிசி சொல்லும் பதில் வேறு: தவணைத் தேதிக்கு மேல் 15 நாளோ 30 நாளோ பொறுப்பார்கள், அப்புறம் காலாவதி. உயிர்ப்பிக்க வேண்டுமானால் பாக்கியை வட்டியோடு கட்ட வேண்டும், சில சமயம் மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

என் பெரியப்பா மகன் முலுண்டில் கேட்டரிங் செய்கிறார். 2019-இல் வருஷம் ஒரு லட்சம் கட்டும் பாலிசி ஒன்றை எடுத்தார். ஒரு பிரீமியம்தான் கட்டினார், 2020 வந்துவிட்டது. கல்யாணமே இல்லாத வருஷத்தில் கேட்டரிங்காரர் எங்கே போவார்? அந்த ஒரு லட்சத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. 2024 அக்டோபரில் இருந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதியை மாற்றியிருக்கிறது. ஒரு முழு வருஷ பிரீமியம் கட்டியிருந்தால், பாலிசியை நடுவில் விடும்போது சரண்டர் தொகை என்று ஏதாவது கிடைக்கும். ஆனால் போட்டது அப்படியே வராது.

7 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் என்பிஎஸ்ஸில் மாதாமாதம் எஸ்ஐபி போட்டுவிடலாமே" என்கிறார். போடலாம். ஆனால் நம் வருமானம் மாதக் கணக்கில் நடப்பதில்லை.

என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் நடுவில் மழை பிடித்தால் பெயின்டிங் நிற்கும், பாலிஷ் காயாது, பல குடியிருப்புச் சொசைட்டிகள் உடைப்பு வேலைக்கு அனுமதி தராது. நவராத்திரிக்கு முந்தைய பித்ரு பட்சத்தில் இங்கே யாரும் புது வேலை ஆரம்பிக்க மாட்டார்கள். அது முடிந்த மறுநாளே எல்லோருக்கும் தீபாவளிக்குள் வீடு தயாராக வேண்டும். அட்வான்ஸ் ஒரு மாதம், பிளைவுட் இறங்கும்போது ஒரு பங்கு, லாமினேட் ஒட்டியதும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதம் மட்டும் ஏதாவது ஒன்றில் சிக்கிக்கொள்ளும். போன மாதம் ஒரு வீட்டில் கிச்சன் டிராயர் ஒன்றின் சானல் லேசாக உரசுகிறது என்று அறுபதாயிரத்தை நிறுத்தி வைத்தார்கள். கார்பென்டர் போய் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, டிராயரைத் தள்ளிக் காட்டிவிட்டு வந்தார். பணம் அதற்கு மூன்று வாரம் கழித்து வந்தது.

இப்படிப்பட்ட கணக்கில் ஐந்தாம் தேதி ஆட்டோ டெபிட் என்று ஒன்று வைத்தால் அது திரும்பும், வங்கி அதற்கும் கட்டணம் பிடிக்கும். பென்ஷன் சேர்க்கப் போய் அபராதம் கட்டுவதா? தேதி வைக்காதீர்கள். பணம் வரும் நாள்தான் நமக்குத் தேதி.

7 ஏப்ரல் 2025, இரவு

எப்படிச் செய்வது என்று கேட்டதால் என் வழியைச் சொல்கிறேன்.

நான் டிசைன் ஃபீஸ் மட்டும்தான் வாங்குகிறேன். பொருளுக்குக் கிளையன்ட் நேரே கடைக்குக் கட்டிவிடுவார். ஃபீஸ் வந்த அன்றே அதில் உள்ள ஜிஎஸ்டியை வேறு கணக்குக்கு மாற்றுவேன். அது நம் பணமே இல்லை. மீதியில் பத்து சதவீதம் இன்னொரு சேமிப்புக் கணக்குக்குப் போகும், அதற்கு ஏடிஎம் கார்டே வாங்கவில்லை. அங்கே ஓரளவு சேர்ந்ததும் என்பிஎஸ்ஸுக்கு அனுப்புவேன். இதற்கு டி-ரெமிட் என்று ஒரு வசதி இருக்கிறது. உங்கள் என்பிஎஸ் எண்ணோடு இணைந்த ஒரு விர்ச்சுவல் அக்கவுன்ட் எண் தருவார்கள். அதை வங்கி ஆப்பில் பெனிபிஷியரியாகச் சேர்த்துவிட்டால் வேண்டும்போது வேண்டியதை அனுப்பலாம், 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். வேலை நாளில் காலை 11 மணிக்குள் போய்ச் சேர்ந்தால் அன்றைய என்ஏவி, அதாவது அன்றைய யூனிட் விலை, கிடைக்கும். மாதம் ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ, யாரும் கேட்க மாட்டார்கள்.

பத்து சதவீதம் என்பது என் கைக்கு அடங்கிய அளவு. வாடகை வீட்டில் இருப்பவர் ஐந்தில் ஆரம்பிக்கட்டும். ஆனால் வறண்ட மாதம் வரும் என்று சதவீதத்தைக் குறைக்க வேண்டியதில்லை. பணம் வராதபோது அதில் பத்து சதவீதமும் பூஜ்யம்தானே.

11 ஏப்ரல் 2025

வரி விலக்கு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

புதிய வரி முறையில் நாம் சொந்தமாகப் போடும் என்பிஎஸ் தொகைக்கு விலக்கு கிடையாது. பழைய முறையில் இருந்தால்தான் ஒன்றரை லட்ச வரம்புக்குள்ளும், 80சிசிடி(1பி)யில் கூடுதலாக 50,000க்கும் கிடைக்கும். சம்பளக்காரர்களுக்கு முதலாளி போடும் பங்குக்குப் புதிய முறையிலும் விலக்கு உண்டு. நமக்கு முதலாளி யார்?

அதனால் பழைய முறைக்கு ஓடிவிடலாமா என்றால், அவசரப்படாதீர்கள். சம்பளக்காரர் ஒவ்வொரு வருஷமும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் 10-ஐஇஏ படிவம் கொடுத்து ஒரு முறை புதிய முறையை விட்டு வெளியே போகலாம், ஒரு முறை திரும்பலாம். திரும்பியபின் தொழிலை வைத்துக்கொண்டு பழைய முறைக்குப் போக வழியில்லை.

பெரும்பாலானவர்களுக்கு அதற்கு அவசியமும் இருக்காது. பிரிவு 44ஏடிஏ-வின் கீழ் வருகிற தொழில்களுக்கு, 50 லட்சம் வரையிலான வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 75 லட்சம். இன்டீரியர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. திரைப்பட எடிட்டரும் இருக்கிறார்; விளம்பரப் படத்துக்கு அது பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தம்பி. பொருந்தினால், இந்த ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் 24 லட்சம் வரை ஃபீஸ் வந்தாலும் வருமானம் 12 லட்சம், புதிய முறையில் வரி இல்லை.

இதில் இன்னொரு நல்லது இருக்கிறது. கம்பெனி கிளையன்ட்கள் நம் பில்லில் பத்து சதவீதத்தை முன்கூட்டியே வரியாக, டிடிஎஸ் என்று பிடிக்கிறார்கள். வரியே இல்லை என்றால் அந்தப் பணம் மொத்தமும் ரீஃபண்டாகத் திரும்பும். வருஷம் முழுக்க நம் கையில் படாமல் சேர்ந்த தொகை அது. அதைத் தொடாமல் அப்படியே பென்ஷனில் தள்ளுங்கள். ரீஃபண்ட் வந்த மாதத்தில்தான் புது மானிட்டர், புது கேமரா என்று மனசு அலையும். எனக்குத் தெரிந்து ஃப்ரீலான்ஸ் செய்கிறவர்களில் ஓய்வுக்கென்று உருப்படியாகச் சேர்த்தவர்கள் எல்லோரும் இந்த ரீஃபண்டைக் காப்பாற்றியவர்கள்தான்.

22 ஜூன் 2025

நம்மோடு வேலை செய்யும் ஆட்களைப் பற்றி யாருமே எழுதவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

கோரக்பூர் பக்கத்துக் கார்பென்டர் ஒருவர் என் சைட்டுகளில் ரொம்ப காலமாக இருக்கிறார். அவருக்கு அடல் பென்ஷன் என்கிற அரசுத் திட்டத்தில் கணக்கு போட்டுக் கொடுத்தோம். 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம்; 2022 அக்டோபரில் இருந்து வருமானவரி கட்டுபவர்கள் புதிதாகச் சேர முடியாது. அதனால் நம்மில் பலருக்கு அது இல்லை, அவருக்கு உண்டு. முப்பது வயதில் சேர்பவர் மாதம் 577 ரூபாய் கட்டினால் அறுபதில் இருந்து மாதம் 5,000. அவர் போனபின் அதே தொகை மனைவிக்கு. இருவருக்கும் பின் எட்டரை லட்சம் வாரிசுக்கு.

சிக்கல் வந்தது ஆட்டோ டெபிட்டில். மாதாமாதம் பிடிக்கும்படி வங்கியில் பதிந்துவிட்டார்கள். அவர் கணக்கில் சனிக்கிழமை கூலி விழும், திங்கள் காலை ஊருக்குப் போய்விடும். பிடிக்க வரும் நாளில் பேலன்ஸ் 112 ரூபாய். பாஸ்புக்கை என் முன்னால் விரித்து, தாமதக் கட்டணம் விழுந்த வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இதில் காலாண்டு, அரையாண்டு முறைகளும் உண்டு என்பதைக் கவுன்டரில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அரையாண்டுக்கு மாற்றினோம். ஒன்று நவம்பரில், தீபாவளி வேலைக்கான கூலி கையில் இருக்கும்போது. இன்னொன்று மே மாதத்தில், மழைக்கு முன்னால். அதற்கப்புறம் ஒரு தவணையும் தவறவில்லை. "அறுபதில் நானும் சர்க்கார் ஆள்தான்" என்று சைட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

முப்பது வருஷம் கழித்து 5,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். விலைவாசிக்கு ஏற்ப அது ஏறாது, உண்மைதான். ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் ஊர் திரும்பிய பெரியவர்களை அவருடைய ஊரிலேயே அவர் பார்த்திருக்கிறார்.

3 ஜூலை 2025

பேமென்ட் இழுத்தடிப்பு பற்றிச் சின்னதாக ஒன்று. உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. அது இலவசம், செய்துகொள்ளுங்கள். பதிவுள்ள சிறு, குறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால், கட்டும் வரை அந்தச் செலவைக் கம்பெனி தன் வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்ட பிறகு கம்பெனி கிளையன்ட்களின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்து அவர்களாகவே போன் செய்கிறார்கள், முக்கியமாக மார்ச்சில். வீட்டுக்கு வேலை செய்தால் இது உதவாது.

17 ஆகஸ்ட் 2025

தம்பியின் அம்மா சொன்ன தங்கச் சீட்டை ஏப்ரலில் நான் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். அதைப் பேச வேண்டும்.

நகைக்கடைச் சீட்டு பதினோரு மாதத்தில் முடியும். முடிந்ததும் நகையாகத்தான் வாங்க வேண்டும். செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் நம் தலையில். அதைப் பென்ஷன் என்று சொல்ல முடியாது. மாட்டுங்கா, சயான் பக்கம் நம்மவர்கள் நடத்தும் ஏலச் சீட்டிலும் மாதம் தவறாமல் கட்ட வேண்டும். நமக்கு முடியாத விஷயமே அதுதான். போடுவதானால் 1982 சட்டப்படி பதிவான சீட்டாகப் பாருங்கள்.

இத்தனையும் எழுதிவிட்டு யோசித்தால், அம்மாக்கள் சொல்வதில் பாதி சரி. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அம்மா இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தார். மதியத்துக்குள் பணம் கையில். என்பிஎஸ் இருந்திருந்தாலும் அன்று மதியம் அது வந்திருக்காது. மூன்று வருஷம் ஆனபின், நாம் போட்டதில் 25 சதவீதம் வரை, கடுமையான நோய், பிள்ளைகள் படிப்பு, வீடு போன்ற சில காரணங்களுக்கு எடுக்கலாம். விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே தங்கத்தை அவசரப் பணத்தின் வரிசையில் வையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இல்லாமல் பென்ஷனில் பெரிய தொகை போடாதீர்கள். அதுவரை வருஷம் 1,000 போட்டுக் கணக்கை உயிரோடு வைத்திருந்தால் போதும்.

இதுவரை நான் சொன்னது என்பிஎஸ்ஸின் டியர் 1, அதாவது பென்ஷன் கணக்கு. என்பிஎஸ்ஸிலேயே டியர் 2 என்று ஒன்று உண்டு. அதில் எப்போதும் எடுக்கலாம். தேவைப்படாதபோது அங்கிருந்து டியர் 1-க்கு மாற்றலாம், திரும்ப மாற்ற முடியாது. சிலருக்கு இது ஒத்துவரும்.

24 செப்டம்பர் 2025

பென்ஷனுக்குச் சேராத செய்தி, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 22-ஆம் தேதியில் இருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. 18 சதவீதம் இருந்தது. காப்பீடு இல்லாத ஃப்ரீலான்சர்கள் இதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஆபரேஷன் போதும், பத்து வருஷச் சேமிப்பைக் கரைக்க.

5 அக்டோபர் 2025

"பணம் மாட்டிக்கொள்ளும்" என்று தம்பியின் நண்பர் சொன்னாரே, அதைப் பற்றிப் பல நாளாக யோசிக்கிறேன். அது குறை என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். இப்போது அதற்காகவே என்பிஎஸ்ஸைச் சொல்கிறேன்.

சம்பளக்காரருக்கு அவருடைய பிஎஃப்பும் அவருடைய ஆபீசும் வேறு வேறு. நமக்குத் தொழிலும் வீடும் ஒரே கணக்கில் ஓடுகின்றன. ஒரு கிளையன்ட் பணம் தராவிட்டாலும் சனிக்கிழமை கார்பென்டருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கையெட்டும் இடத்தில் மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் அன்று இரவே விற்போம். நான் விற்றிருக்கிறேன், கூலி கொடுத்தேன், அதில் வருத்தமில்லை. ஆனால் 2020-இல் என்னிடம் கடைசியாக மிஞ்சியிருந்தது எது என்று பார்த்தால், என் கை போக முடியாத என்பிஎஸ்ஸும் பிபிஎஃப்பும்தான். அந்த வருஷம் என்பிஎஸ்ஸில் 1,000 மட்டும் போட்டேன்.

பிபிஎஃப்புக்கு இன்னொரு பலம் உண்டு: கடன் வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்டாலும் அந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வட்டி 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதமாகவே நிற்கிறது, வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது. இரண்டும் வைத்திருங்கள் என்பதே என் கட்சி.

பங்குக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற விஷயத்தில் எனக்கும் இங்கே எழுதும் இளைஞர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. இந்த மாதம் முதல் அரசு ஊழியர் அல்லாதவர்கள் நூறு சதவீதம் வரை பங்கில் போடும் திட்டங்கள் வந்திருக்கின்றன. நான் பாதிக்கு மேல் போக மாட்டேன். 2020 மார்ச்சில் சந்தை விழுந்த அதே வாரத்தில்தான் என் சைட்டுகளும் மூடின. விளம்பரத் தொழிலும் அப்படித்தான். பொருளாதாரம் தும்மினால் கம்பெனிகள் முதலில் வெட்டுவது விளம்பரச் செலவை. வருமானமே அப்படி ஆடுகிறவருக்குச் சேமிப்பில் ஒரு பகுதியாவது ஆடாமல் நிற்க வேண்டும்.

21 டிசம்பர் 2025

விதி மாறிவிட்டது. முன்பு அறுபது வயதில் 60 சதவீதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு 40 சதவீதத்துக்கு ஆன்யுட்டி, அதாவது சாகும்வரை பென்ஷன் தரும் காப்பீட்டுத் திட்டம், வாங்க வேண்டும் என்றிருந்தது. என்பிஎஸ்ஸைக் கண்காணிக்கும் ஆணையமான பிஎஃப்ஆர்டிஏ இந்த மாதம் வெளியிட்ட திருத்தத்தின்படி, அரசு ஊழியர் அல்லாதவர்கள் 80 சதவீதம் வரை கையில் எடுக்கலாம். 20 சதவீதத்துக்கு ஆன்யுட்டி வாங்கினால் போதும். மொத்தமே எட்டு லட்சத்துக்குள் இருந்தால் முழுவதையும் எடுக்கலாம். கணக்கை 85 வயது வரை வைத்திருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: வருமானவரிச் சட்டத்தில் விலக்கு 60 சதவீதத்துக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கூடுதல் 20 சதவீதத்தை நம்பி இப்போதே கணக்குப் போடாதீர்கள்.

4 ஜனவரி 2026

கடைசியில் மாதம் எவ்வளவு வரும் என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்.

வருஷத்துக்கு சராசரியாக ஒரு லட்சம் வீதம் 20 வருஷம். ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் சுமார் 45.75 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 9.15 லட்சத்துக்கு ஆன்யுட்டி. ஆறரை சதவீதம் என்று வைத்தால் மாதம் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழைய 40 சதவீதக் கணக்கில் கிட்டத்தட்ட பத்தாயிரம் வந்திருக்கும்.

"அப்படியானால் புது விதியில் பென்ஷன் பாதியாகிவிட்டதே" என்றால், கட்டாயப் பகுதி மட்டும்தான் பாதியானது. மீதிப் பணம் நம் கையில். இன்றைய நிலையில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம், 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய், மாதத்துக்கு 20,500 என்று ஆகிறது. வரி உண்டு, ஐந்து வருஷத்தில் முதிர்ந்துவிடும், அப்போது என்ன வட்டியோ அதுதான். ஆன்யுட்டியில் வட்டி குறைவு, ஆனால் சாகும்வரை மாறாது. எனக்கு இரண்டும் வேண்டும். ஓய்வின்போது கைக்கு வந்த மொத்தத்தையும் மகன் ஃப்ளாட்டுக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எங்கள் கட்டிடத்திலேயே இருக்கிறார்கள். அதனால் 40 சதவீதம் கட்டாயமாக இருந்தபோது பெண்களுக்கு அது ஒரு காவல் என்றே நினைத்தேன். விதி தளர்ந்தாலும் நான் 40-க்கே ஆன்யுட்டி வாங்கப் போகிறேன். குறைந்தபட்சம்தான் 20, அதற்கு மேல் வாங்க யாரும் தடுக்கவில்லை.

18 ஜனவரி 2026

டோம்பிவிலித் தம்பி கணக்கு திறந்துவிட்டாராம். மகிழ்ச்சி. டி-ரெமிட் எண்ணைச் சேர்த்ததும் முதலில் 500 ரூபாய் மட்டும் அனுப்புங்கள், யூனிட் ஏறியதைப் பார்த்துவிட்டு மற்றதை அனுப்புங்கள். ஏப்ரலில் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடிந்ததும் என்பிஎஸ், பிபிஎஃப், வங்கிக் கணக்கு மூன்றிலும் நாமினி பெயரைப் புதுப்பித்துவிடுங்கள். கணக்கு எண்கள் எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.